ஜூனோவுக்கு நான் எதிரியான மூன்று மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆண்டர்சன்பேட்டைக் கோயிலிலிருந்து நானும் என் மனைவி ஆரோக்கியமும் மெதுவாக நடந்து வீடு வந்து சேர்ந்தபோது, வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூவரும் தங்கச் சுரங்கத்தின் காவல் பிரிவில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள். ஒருவர் கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலை நாய். முன்பின் பார்த்திராத எங்களைக் கண்டதும் அது உடம்பெல்லாம் நெளிய வாலாட்டியது. ஆரோக்கியத்தின் முந்தானையை மோந்துவிட்டு அவள் காலடியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டது.

"அண்ணே, இத்தக் காவலுக்குப் பழக்கச் சொல்லி மேலருந்து உத்தரவு" என்றார் கயிறு பிடித்திருந்தவர். "வேலி பூரா கரண்ட் வெளக்கு போட்டும் திருட்டு நிக்கல. இது இன்னாடான்னா திருடன் வந்தாலும் கைய நக்கும் போல கீது. எல்லார்கிட்டயும் வாலாட்ற நாய காவலுக்குப் பழக்க முடியுமா? நீங்க ஒண்ணப் பழக்கினீங்களாமே?"

"முடியும்" என்றேன்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து முறையைச் சொன்னேன். திருப்தியாகப் போனார்கள். அவர்கள் கேட்டது முறையை மட்டும்தான். மற்றது என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அன்று மதியம் படுத்தும் தூக்கம் வரவில்லை. தூரத்தில் கல் உடைக்கும் மில்லின் இடி, நிற்காத ஒரு மழையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மிதந்தபடியே பழைய நாட்களுக்குப் போய்விட்டேன். பங்குச் சாமியார் புண்ணியத்தில் நாலு எழுத்து தெரியும். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஆற்காட்டுப் பக்கமிருந்து நான் இங்கே வந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. சுரங்கத்தில் மேற்கூரைக்கு மரம் முட்டுக் கொடுக்கும் கூட்டத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பிறகு இருமல் வந்தது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறி இறங்கவே மூச்சு வாங்கியது. மேலே காவல் வேலைக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான் என் முற்பகுதி. சொல்ல வேண்டியது பென்னா துரையிலிருந்து தொடங்குகிறது.

பென்னா துரைக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எங்களுக்கு மேலதிகாரி. அவரும் முதலில் கீழேதான் வேலை பார்த்தார். ஒரு வெடி முன்னதாகவே வெடித்துவிட்டதில் உயிர் தப்பியது, காது இரண்டும் போய்விட்டன. அதன் பிறகே அவரைக் காவலுக்கு அதிகாரியாகப் போட்டார்கள். ஷாப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் கூலிகளோடு பழகிக் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. மற்ற துரைகளைப் போல அதிகாரத் தமிழ் அல்ல, எங்கள் தமிழ். ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால், ரகசியத்தை உரக்கச் சொல்வார், உத்தரவை முணுமுணுப்பார். நாம் பேசினால் நம் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதி புரியும். மீதியைக் கண்ணால் கேட்பார்.

அவர் நடக்கும் விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அடிக்கடி நின்று, பூட்ஸ் காலைத் தரையில் அழுத்தி வைப்பார். மில்லின் இடி தரை வழியாக அவர் பாதத்துக்கு வந்து சேரும். "ஓடிகினு கீது" என்பார். நின்றுவிட்டால் எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

சயனைடு மண்மேடுகள் அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தன. தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவு போன்ற மண்ணை மலை மலையாகக் கொட்டி வைப்பார்கள். வெயிலில் அந்த மேடுகள் வெள்ளையாய், எடையே இல்லாதவை போல நிற்கும். காற்றடித்தால் உச்சியிலிருந்து புகை மாதிரி மண் கிளம்பும். அவற்றுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. தங்கம் ஓடிய நல்ல கல்லைத் திருடிக் கொண்டுபோகிறவர்களின் பாதையும் அதுதான், துரை சுற்று வரும் பாதையும் அதுதான். ஒருநாள் சாயங்காலம் அங்கே யாரோ பின்னாலிருந்து அவர் தலையில் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார்கள். காது கேட்டிருந்தால் திரும்பியிருப்பார். கேட்கவில்லை. அடித்தவர் யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

தலையில் தையலோடு அவர் வேலைக்குத் திரும்பியபோது, செவிடருக்குக் காவல் வேலை எதற்கு, ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று மேலே பேச்சு எழுந்தது. சீமையில் அவர் ஊரில் சுரங்கங்களை மூடிவிட்டார்களாம். போனால் பிழைக்க வழியில்லை. மூன்று மாதம் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சவரி, எனக்கு முதுகுல கண்ணு வேணும். ஒரு நாய் பழக்கணும். நீ கூட இருக்கணும்."

"எந்த நாய், தொர?"

மில் வாசலைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே படுத்திருந்தது ஜூனோ.

ஜூனோ பெட்டை நாய். அதன் தாய் கப்பலில் வந்த பெரிய சாதி. தகப்பன் யாரென்று யாருக்கும் தெரியாது. வளர்த்த துரை வேறு ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனார். மாநிறம், மார்பில் மட்டும் பால் சிந்தியதுபோல வெள்ளை. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் ஆட்களைச் சோதனைக் கொட்டகையில் நிறுத்தி உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பது எங்கள் வேலை. அலுப்பும் அவமானமுமாக வெளியே வருகிறவர்களை ஜூனோ ஒருவர் விடாமல் வரவேற்கும். மண் படிந்த கைகளை நக்கும். எத்தனையோ பேர் அங்கேதான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பார்கள். மதியத்தில் வேப்ப மரத்தடியில் நான் உட்கார்ந்தால் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கும். தூக்கத்தில் கால்கள் ஓடும். அந்தக் கால்கள் எந்தக் காட்டில் ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்டே நானும் கண்ணயர்ந்துவிடுவேன்.

"அது யாரையும் கடிக்காது தொர. கோழியக்கூடத் தொரத்தாது" என்றேன்.

துரை என் உதடுகளைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "அதான் வேணும். பயப்படற நாய்தான் கடிக்கும். கடிச்சிட்டு ஓடும். இதுக்கு பயம் இன்னான்னே தெரியாது. எனக்கு கடிக்கிற நாய் வேணாம். நிக்கிற நாய் வேணும்."

பிறகு ஜூனோவைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா சவரி, அதுக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும்."

"ஆமா தொர."

"அத்த நிறுத்தணும்."

அவர் சொன்னதன் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை. ஜூனோ இனி அவர் கையால் மட்டும் சாப்பிடும். அவர் அறையில் மட்டும் படுக்கும். நான் அதைத் தொடக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, கண்ணைப் பார்க்கக்கூடாது. ஏனென்றால் பழக்கும்போது எதிரியாக நடிக்க ஒரு ஆள் வேண்டும். உதைக்காத, உண்மையாக அடித்துவிடாத, சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கிற நம்பிக்கையான ஆள். துரைக்கு என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

முதல் மாதம் முழுக்க நான் ஜூனோவுக்கு யாருமில்லை. காலையில் என்னைக் கண்டு ஓடி வரும். நான் மில் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னைச் சுற்றிச் சுற்றி வரும், என் முழங்காலில் மூக்கை வைக்கும். கல்லாக நிற்பேன். சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, என்ன தப்பு செய்தோம் என்பதுபோல என்னைப் பார்க்கும். பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ, ஓடி வருவதை நிறுத்திக்கொண்டது. அன்று நான் வீட்டில் சாப்பிடவில்லை.

"இன்னாய்யா ஆச்சு, யார்னா ஏசினாங்களா?" என்று ஆரோக்கியம் கேட்டாள். சொன்னேன். "ஒரு நாய்க்கா இம்மாந்துக்கு?" என்றாள். ஆனால் கஞ்சியை மறுபடி சுடவைத்துக் கொண்டுவந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

துரை பழக்கிய விதம் அவசரமே இல்லாதது. அவர் நடப்பார், ஜூனோ இடது பக்கம் வரும். அவர் நிற்பார். பின்னால் இருபது அடி தள்ளி வரும் நான் ஒரு கல்லைக் கீழே போடுவேன். சத்தம் கேட்டு ஜூனோ திரும்பினால், உடனே அவர் கையிலிருந்து ஒரு துண்டு ஈரல். மறுபடி நடை, மறுபடி நிற்பது, மறுபடி கல். சில நாட்களில் கல் போடாமலேயே, அவர் நின்றதும் ஜூனோ அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்பக்கத்தைப் பார்த்து நிற்கப் பழகியது. அடுத்து, பின்னால் ஆள் வந்தால் குரைப்பதோடு நில்லாமல், அவர் முழங்காலின் பின்பக்கத்தை மூக்கால் இடிக்க வேண்டும். குரைப்பது அவருக்குக் கேட்காதே. தெரியாமல் ஒருமுறை இடித்தபோது ஈரல் கிடைத்தது. அதன் பிறகு தெரிந்தே இடித்தது.

மூன்றாவது பாடம்தான் வேடிக்கை. வலது கையில் தோள் வரை கோணிப்பையைச் சுற்றி, அதன்மேல் பழைய மில் பெல்ட்டின் தோலைக் கட்டி, முகத்தைக் கம்பளியால் மூடிக்கொண்டு, கையில் தடியை ஓங்கியபடி நான் துரைமேல் பாய வேண்டும். முதல் நாள் பாய்ந்தேன். ஜூனோ வாலாட்டிக்கொண்டே வந்து கோணியை நக்கியது. கம்பளிக்குள் இருப்பது யாரென்று அதற்கு வாசனையே சொல்லிவிட்டது. ஒரு மாதம் அதன் முகத்தையே பார்க்காத நான், கடைசியில் அதனோடு விளையாட வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டது. கம்பளிக்குள் என் கண் நிறைந்ததை யாரும் பார்க்கவில்லை.

பத்து நாள் இப்படியே போயிற்று. வேறு அதிகாரியாக இருந்தால் நாயை அடித்துக் கோபமூட்டியிருப்பார். துரை ஒரு பாறைமேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்.

"சவரி, நாளைக்கு அது ஒரு தபா குரைச்சாப் போதும், வெளையாட்டுக்குக் குரைச்சாலும் சரி. நீ புலியப் பாத்தாப்ல அலறிகினு ஓடணும்."

மறுநாள் நான் தடியை ஓங்கியதும் ஜூனோ குதித்து ஒரு தடவை 'வள்' என்றது. நான் அலறினேன். தடியைப் போட்டேன். மண்மேட்டின் சரிவில் விழுந்து புரண்டு ஓடினேன். வெள்ளை மண் மேகமாய்க் கிளம்பியது. திரும்பிப் பார்த்தால், ஜூனோ அப்படியே அசையாமல் நின்றிருந்தது. தன் குரலுக்கு இவ்வளவு சக்தியா என்ற ஆச்சரியம் அதன் காதிலும் வாலிலும் தெரிந்தது. துரை குனிந்து அதன் தொண்டையில் உள்ளங்கையை வைத்தார். பிற்பாடு எப்போதும் அப்படித்தான், உறுமுகிறதா இல்லையா என்று தொண்டையைத் தொட்டே தெரிந்துகொள்வார்.

அதன் பிறகு பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதிரிக்கும் துரைக்கும் நடுவில் போய் நிற்பது. ஓங்கிய கையைக் கவ்விப் பிடித்து, கிழிக்காமல் தொங்குவது. துரை அதன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் விடுவது. குரலால் உத்தரவு கொடுக்க அவரால் ஆகாது, ஏற்ற இறக்கம் நிலையாக இருக்காது. எல்லாம் தொடுகைதான். ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை முடிப்பது என் பொறுப்பு. தடியைக் கீழே வைத்து, துரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து முழங்கால்மேல் வைத்துக்கொள்வேன். அப்படி உட்கார்ந்தால் எதிரி இல்லை என்று அர்த்தம். ஜூனோ கிட்டே வந்து என் பிடரியை ஒருமுறை மோந்துவிட்டு, துரையிடம் ஈரல் வாங்கப் போய்விடும். அந்த ஒரு மூச்சு, பிடரியில் சூடாகப் படும் அந்த ஒரு மூச்சுதான் அந்த நாட்களில் அதனிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதற்காகவே நான் ஒவ்வொரு நாளும் அடிபட்ட திருடனைப் போல ஓடினேன்.

மூன்று மாதம் முடிந்து, பெரிய துரைகளுக்கு முன்னால் செய்து காட்டினோம். ஜூனோ பிசகாமல் செய்தது. பென்னா துரையின் வேலை தப்பியது. ஒற்றையடிப் பாதையில் அவரும் நாயும் போவதை நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். திருடர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள்.

ஜூனோ மற்ற எல்லோருக்கும் பழைய ஜூனோதான். சோதனைக் கொட்டகை வாசலில் துரை நின்றால் அது கூலிகளின் கைகளை நக்கும், குழைந்து புரளும். என்னைப் பார்த்தால் மட்டும் உடம்பு நிமிரும். துரைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொள்ளும். இத்தனை ஆயிரம் பேர் உள்ள ஊரில் அதற்கு ஒரே ஒரு எதிரி. அது நான்.

ஐப்பசி மழையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. நாலைந்து நாள் ஓயாமல் பெய்துவிட்டு, ஒரு மதியம் மழை விட்டிருந்தது. மண்மேடுகளின் அடிவாரத்தில், மேட்டிலிருந்து வழியும் சேற்றுத் தண்ணீரைத் தேக்கி வைக்க மண்கரை கட்டிய ஒரு பெரிய குளம் உண்டு. மேலே பார்த்தால் தரை மாதிரி இருக்கும். காலை வைத்தால் உள்ளே இழுக்கும். கரை எங்கேயாவது அரித்திருக்கிறதா என்று பார்க்க துரை கரைமேல் நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஜூனோ. வழக்கம்போல நான் நூறு அடி பின்னால். வானம் முழுக்க ஒரே சாம்பல் வெளிச்சம். மேடு, குளம், வானம் மூன்றுக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. அவர்கள் இருவரும் மேகத்துக்குள் நடந்து போவதுபோல இருந்தது. அந்த அழகில் ஒரு கணம் நான் எதையும் யோசிக்காமல் நின்றுவிட்டேன்.

கரை சத்தமில்லாமல் உட்கார்ந்தது. துரை இருந்த இடத்தில் துரை இல்லை. ஜூனோ பின்னால் துள்ளி, நல்ல கரையில் நின்றது. நான் ஓடினேன். துரை இடுப்புவரை சேற்றில் இருந்தார். கையை ஊன்றி எழப் பார்த்தார். ஊன்றிய கையும் உள்ளே போயிற்று. மார்புவரை இறங்கிவிட்டார்.

கரையோரம் கூடை தூக்குகிறவர்கள் போட்டுவிட்டுப் போன நீண்ட மூங்கில் கழி ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி ஓடினேன். ஓடும்போதே தெரிந்தது. பின்னாலிருந்து, கையில் தடியை ஓங்கிக்கொண்டு, துரையை நோக்கி நான் ஓடுகிறேன். மூன்று மாதம் நாங்கள் ஜூனோவுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

ஜூனோ நடுவில் வந்து நின்றது.

"ஜூனோ, வுடு! தொரய காப்பாத்தணும்!" என்று கத்தினேன். அதன் பெயரை நான் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. உறுமியது. ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அதுவும் ஒதுங்கியது. துணிந்து ஒரு அடி வைத்தேன். பாய்ந்து என் வலது கையைக் கவ்விக்கொண்டது. அன்று கோணியும் இல்லை, தோலும் இல்லை. நான்கு கோரைப் பல்லும் இறங்கின. கிழிக்கவில்லை, பழக்கியபடியே தொங்கிக்கொண்டு பிடித்திருந்தது. அது விட வேண்டுமானால் துரை அதன் தோளில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். துரையின் கைகள் சேற்றுக்குள் இருந்தன. அவர் ஏதோ கத்தினார். அந்தக் குரலுக்கு அது பழகியதில்லை.

கழியை நழுவவிட்டேன். திரும்பினேன். துரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். ரத்தம் ஒழுகும் கையையும் மறு கையையும் விரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை. முன்னால் வெள்ளை மேடு. தூரத்தில் மில்லின் இடி. முதுகுக்குப் பின்னால் ஒரு மனிதர் மூழ்கிக்கொண்டிருக்கிறார், நான் தியானம் செய்கிறவனைப் போல உட்கார்ந்திருக்கிறேன். அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. அருள் நிறைந்த மரியே என்று ஒருமுறை சொன்னேன். சேறு களக் களக்கென்று விழுங்கும் சத்தம். இரண்டாம் முறை சொன்னேன். துரை கத்துவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் முறை பாதியில், பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது. மோந்தது. விலகியது.

நான் எழவில்லை. குப்புறப் படுத்து, கழியைத் தூக்காமல் தரையோடு தரையாய்த் தள்ளிக்கொண்டே பாம்பு மாதிரி ஊர்ந்தேன். கை தரையைவிட்டு ஒரு சாண்கூட மேலே எழாமல் பார்த்துக்கொண்டேன். ஜூனோ பக்கத்திலேயே வந்தது, ஒன்றும் செய்யவில்லை. சேறு துரையின் கழுத்துவரை வந்திருந்தது. ஒரு கையை மட்டும் எப்படியோ வெளியே பிடுங்கி வைத்திருந்தார். அந்தக் கையில் கழியைக் கொடுத்தேன். இழுத்தேன். ஜூனோ கரையில் வயிறு படப் படுத்து, அவர் கோட்டின் கழுத்துப்பட்டியைக் கவ்விப் பின்னால் இழுத்தது. அதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மண்வண்டி தள்ளுகிறவர்கள் இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தபோது அவர் பாதி வெளியே இருந்தார். பூட்ஸ் இரண்டும் குளத்திலேயே தங்கிவிட்டன. ஒரு கால் எலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். காலில் கட்டை வைத்துக் கட்டியிருந்தது. ஜூனோ கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. என் கையில் போட்டிருந்த துணிக்கட்டை துரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கூடமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

"சவரி, நீ உக்காந்தியே. எனக்கு முதுகு காட்டிகினு. நீ எதுக்கு உக்காந்தன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் சொல்லிக்குடுத்ததுதான். அந்த நேரத்துல சுத்தமா மறந்துட்டேன். என்ன சாகவுட்டுட்டன்னு நெனச்சேன். இன்னும் ஒண்ணு நெனச்சேன். அன்னிக்கு கம்பியால அடிச்சவன் நீதான்னு நெனச்சேன்."

 எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அந்த மூன்று மாதம் அவருக்காக நான் தாங்கியதையும் அவர் சொன்னதையும் ஆரோக்கியத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

நான்காம் நாள் ஆரோக்கியம் ஒரு தூக்கில் கஞ்சியை ஊற்றி மூடி என் முன்னால் வைத்தாள்.

"போய் அந்த மனுசனுக்குக் குடுத்துட்டு வா."

"அவர் இன்னா சொன்னார்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும், நீயே பத்து தபா சொல்லிட்ட. சாவுற நேரத்துல மனுசன் இன்னா வேணா நெனைப்பான்யா. உள்ளயே வச்சிகினு இருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா? உன் மூஞ்சியப் பாத்துச் சொன்னான் பாரு. வேற யாரு சொல்லுவா? போ."

போனேன்.  நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜூனோ என்னிடம் ஓடி வருவதை நிறுத்திய காலையை, கம்பளிக்குள் அழுததை, பிடரியில் படும் மூச்சுக்காக ஓடியதை, மூன்றாவது மந்திரம் பாதியில் நின்றதை. அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாகச் சொன்னதால் எவ்வளவு புரிந்ததென்று தெரியாது. நடுவில் ஒருமுறைகூட நிறுத்திக் கேட்கவில்லை. முடித்ததும் என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, கட்டைப் பிரித்து, நான்கு பல் தடங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். திரும்பத் தானே கட்டினார். பிறகு கஞ்சியைக் குடித்தார், கடைசிச் சொட்டு வரை.

அந்தக் கால் சரியாகக் கூடவில்லை. தை பிறந்ததும் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். கப்பலில் நாயை ஏற்ற அனுமதி கிடைக்கவில்லை. புறப்படும் அன்று காலையில் சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாய்க் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு ஊன்றுகோலோடு வந்து, ஜூனோவின் கயிற்றை என் கையில் கொடுக்காமல் ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தார். "அதுக்கு இவனப் பத்தி நான் தப்பாச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். "நீதான் சரி பண்ணணும்மா." அதன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பிப் பார்க்காமல் போனார். ஜூனோ பாதையைப் பார்த்தபடி அன்று முழுக்க வாசலிலேயே நின்றது.

கொஞ்ச நாளில் அது எங்கள் லைன் முழுவதற்கும் செல்லமாகிவிட்டது. என்னோடும் பழகியது. என் கையாலேயே சாப்பிட்டது, கூடவே கடைத்தெருவுக்கு வந்தது. ஒன்றே ஒன்று மட்டும் மாறவில்லை. என் வலது கை தோளுக்கு மேலே எழுந்தால், அது எங்கிருந்தாலும் எழுந்து வந்து ஆரோக்கியத்துக்கு முன்னால் நின்றுகொள்ளும். உறுமாது, பல்லைக் காட்டாது. அசையாமல் நின்று என்னைப் பார்க்கும், அவ்வளவுதான். கையை இறக்கினால் வாலை ஆட்டும். துரையின் முறையிலேயே அதை மாற்றப் பார்த்தேன். கையைத் தூக்கித் தூக்கி ஈரல் கொடுத்தேன். ஈரலைச் சாப்பிட்டது. மறுபடி அவளுக்கு முன்னால் போய் நின்றது. கடைசி வரை அப்படித்தான் இருந்தது. நான்தான் மாறிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் நாய் இல்லை. ஆனால் பரணிலிருந்து எதை எடுக்க வேண்டுமென்றாலும் என் இடது கைதான் மேலே போகிறது. வலது கை தொடையோடு ஒட்டிக் கீழேயே நிற்கிறது. "சோத்துக் கையால எடுய்யா, கீழ போட்டு உடைச்சிடப் போற" என்று நேற்றுக்கூட ஆரோக்கியம் உப்பு ஜாடியைக் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டாள். சரி என்று வலது கையைத் தூக்கினேன். தூக்கியபடியே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் வெறும் தரைதான் இருந்தது.